பேய்க்காதல் நாவல் புத்தகமாகுது, கையெழுத்து போடலாமா மேடம்?

கே.ஆர்.புரத்துலேர்ந்து ஒரு வாசகி எழுதியிருக்காங்க. வயசு 34, ஒயிட்ஃபீல்டு பக்கம் ஐ.டி. கம்பெனியில டெஸ்டிங் வேலை, மூணாவது படிக்கிற ஒரு பொண்ணு இருக்கு. பொறந்து வளர்ந்தது கோலார் தங்கவயல், தாத்தா அப்பா ரெண்டு பேருமே சுரங்கத் தொழிலாளிங்க. ஒரு கதை ஆப்ல புனைபெயர்ல அமானுஷ்யக் காதல் தொடர் ஒண்ணு எழுதி முடிச்சிருக்காங்க, ரெண்டு வருஷம், 112 எபிசோட். சுரங்கத்துக்குள்ள பாறை வெடிச்சு செத்துப்போன ஒருத்தன், சுரங்கத்தையே மூடிட்டாங்கன்னுகூட தெரியாம இன்னும் ஷிஃப்ட் முடியலைன்னு நினைச்சு கீழேயே இருக்கான், லைன் வீட்டுல தனியா குடியிருக்கிற ஒரு பொண்ணுக்கு மட்டும் ராத்திரியில தண்ணிக் குழாய் வழியா அவன் பேசுறது கேக்குது. அதுதான் கதை.

எப்படி எழுதினாங்கன்னும் சொல்லியிருக்காங்க. காலையில நாலரைக்கு எழுந்து, வீடு முழிக்கிறதுக்குள்ள ஒரு மணி நேரம், மிச்சம் மெட்ரோவுல நின்னுக்கிட்டே போன்ல. மாசம் ஒரு தடவை மாரிகுப்பம் ரயில்ல அம்மா வீட்டுக்குப் போறப்ப சயனைடு மேட்டுப் பக்கம், அதாவது தங்கம் பிரிச்சப்புறம் கொட்டின மண் மேட்டுப் பக்கம் போய் உக்காந்துட்டு வருவாங்களாம், பழைய தொழிலாளிங்க பேசுறதை போன்ல ரெக்கார்ட் பண்ணிக்குவாங்களாம். பேய் எப்படிப் பேசும்ங்கிறது ஆறு மாசம் பிடிபடவே இல்லையாம், தாத்தா மாதிரி பேச வெச்சதுக்கப்புறம்தான் கதை ஓட ஆரம்பிச்சுதாம். புருஷனுக்குத் தெரியும், மாமியாருக்குத் தெரியாது.

இப்போ சென்னையில ஒரு பதிப்பகம் புத்தகமா போடுறோம்னு ஒப்பந்தம் அனுப்பியிருக்கு. 42,000 ரூபாய் இவங்க கட்டணும், 250 பிரதி அச்சாகும், 50 இவங்களுக்கு. மாசக் கடைசிக்குள்ள கையெழுத்து வேணும், கதையோட முடிவையும் மாத்தணும்னு சொல்றாங்க. இன்னொரு பக்கம் ஒரு யூடியூப் சேனல் அனுமதி இல்லாம 30 எபிசோடை ஆடியோ நாவலா வாசிச்சுப் போட்டிருக்கு. குழாய் ஐடியா என்னோடதுன்னு ஒரு வாசகர் பாதி பங்கு கேக்கிறார். அதே ஆப்ல வேற ஒருத்தங்களும் சுரங்கப்பேய் கதை ஆரம்பிச்சிருக்காங்க, அவங்க மேல கேஸ் போடலாமான்னு ஒரு கேள்வி. கடிதத்தோட கடைசியில, போற போக்குல ரெண்டே வரி, 41ஆம் எபிசோட்ல ஒரு நிஜக் கடிதத்தை அப்படியே போட்டிருக்கேன், அதுல ஒண்ணும் பிரச்சனை வராதுல்ல மேடம்னு.

அன்புள்ள தோழிக்கு,

உங்க கடிதத்தையும் கூட அனுப்பின ஒப்பந்தத்தையும் ரெண்டு தடவை படிச்சேன், ஆப்ல போய் கதையையும் படிச்சேன். எழுபதாவது எபிசோட்ல அவன் முதல் தடவையா மேல எத்தனை மணின்னு கேக்கிற இடத்துல கொஞ்ச நேரம் நிறுத்திட்டேன். அதனால இதை நான் வெறும் வக்கீலா மட்டும் எழுதல, இந்தக் கதை நல்லபடியா புத்தகமா வரணும்னு ஆசைப்படுற ஒருத்தியாவும் எழுதுறேன்.

முதல்ல ஒரு பயத்தைப் போக்கிடலாம். ஆப்ல போட்டதால உரிமை போயிடுச்சு, புனைபெயர்ல எழுதினதால உங்களோடதுன்னு நிரூபிக்க முடியாது, அதனாலதான் பிரிண்ட் எடுத்து உங்களுக்கே தபால்ல அனுப்பி கவரைப் பிரிக்காம பீரோவுல வெச்சிருக்கேன்னு எழுதியிருக்கீங்க. அந்த கவர் இருந்துட்டுப் போகட்டும், ஆனா உங்க உரிமை அதுல இல்லம்மா. 1957ஆம் வருஷத்து காப்புரிமைச் சட்டப்படி நீங்க எழுதின நிமிஷமே அது உங்களோடது, பதிவு பண்ணணும்னு கட்டாயம்கூட இல்ல. நீங்க இருக்கிற வரைக்கும், அதுக்கப்புறம் 60 வருஷம். புனைபெயர்ல வந்த எழுத்துக்கு வெளியானதுலேர்ந்து 60 வருஷம்னு கணக்கு மாறும், ஆனா அந்தக் காலத்துக்குள்ள எழுதினது யாருன்னு வெளிய தெரிஞ்சுட்டா திரும்ப ஆயுள் கூட்டல் 60தான். ஆப்காரங்களுக்கு நீங்க கொடுத்தது வெளியிடுற அனுமதி, அவ்வளவுதான், அதுலயும் டிக் அடிச்சப்ப என்ன ஒத்துக்கிட்டீங்கன்னு ஒரு தடவை முழுசா படிங்க, சில போட்டி விதிமுறைகள்ல சினிமா உரிமை வரைக்கும் எழுதியிருப்பாங்க.

ஆனாலும் உங்க நிலைமையில பதிவு பண்ணிடுறது நல்லதுன்னு சொல்வேன், காரணம் அந்தப் புனைபெயர்தான். டெல்லி துவாரகாவுல இருக்கிற காப்புரிமை அலுவலகத்துக்கு ஆன்லைன்லயே விண்ணப்பிக்கலாம், படிவம் 14, இலக்கியப் படைப்புக்கு 500 ரூபாய். விண்ணப்பிச்சதும் டைரி நம்பர் வரும், 30 நாள் யாராவது ஆட்சேபம் சொல்றாங்களான்னு பார்ப்பாங்க, அப்புறம் பரிசீலனை. அந்தப் பதிவு கோர்ட்ல முதல் பார்வைச் சான்று, அதாவது இல்லைன்னு சொல்றவர்தான் நிரூபிக்கணும். அதோட ஆப் கணக்கு எந்த மெயில் ஐடியில இருக்கோ அதைத் தொலைச்சிடாதீங்க, டிராஃப்ட் எல்லாம் தேதியோட இருக்கிற கூகுள் டாக்ஸையும் அழிச்சிடாதீங்க.

கம்பெனி உரிமை கேக்குமான்னு கேட்டிருந்தீங்க. டெஸ்டிங் வேலைக்கும் பேய்க்கதைக்கும் சம்பந்தமில்ல, வேலையோட பகுதியா எழுதினதுதான் முதலாளிக்குப் போகும். ஆனா கம்பெனி லேப்டாப்ல எழுதாதீங்க, அப்பாயின்ட்மென்ட் லெட்டர்ல வெளி வருமானத்தைப் பத்தி என்ன இருக்குன்னு பாத்துக்கங்க.

யாருக்கும் பட்டா இல்லாத விஷயங்கள்

அந்த இன்னொரு எழுத்தாளர் மேல கேஸ் போட முடியாது, போடவும் கூடாதுன்னு நினைக்கிறேன். 1978ல ஆர்.ஜி.ஆனந்த் வழக்குல உச்ச நீதிமன்றம் தெளிவா சொன்னது, கருத்துக்கும் கருப்பொருளுக்கும் வரலாற்றுச் சம்பவத்துக்கும் காப்புரிமை கிடையாது, அதை ஒருத்தர் சொல்ற விதத்துக்குத்தான் உண்டு. சிவனசமுத்திரத்துலேர்ந்து 1902ல தங்கவயலுக்குக் கரண்ட் வந்தது, சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கு மேல ஆழம் போனது, 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கத்தை மூடினது, இதெல்லாம் வரலாறு, எடுத்துக்கிட்டு யார் வேணும்னாலும் கதை எழுதலாம். சுரங்கத்துல பேய், பேய்க்கும் பொண்ணுக்கும் காதல், அதுவும் அப்படித்தான். நீங்களே 60ஆம் எபிசோட்ல நம்ம பெங்களூர்ல தொண்ணூறுகள்ல பேய் வந்தா திரும்பிப் போகட்டும்னு கதவுக்குக் கதவு எழுதி வெச்ச 'நாளே பா', அதாவது 'நாளைக்கு வா' கதையை எடுத்திருக்கீங்களே, அது யாரோடதுன்னு யாரையாவது கேட்டீங்களா? கேக்கத் தேவையில்ல, ஊர்க்கதை அது. ஆனா உங்க பேய் பேசுற பேச்சு, ஷிஃப்ட் முடியலைங்கிற அவனோட நம்பிக்கை ஒவ்வொரு எபிசோடா உடையற வரிசை, அந்த வசனம், அதுல யாராவது கை வெச்சா அப்போ வாங்க. நான் அவங்களோட முதல் 12 எபிசோடைப் படிச்சேன், அது வேற கதை, அந்தப் பேய் பழிவாங்க வந்திருக்கு.

பாதி பங்கு கேக்கிற வாசகருக்கும் இதே சட்டம்தான் பதில். கூட்டு ஆசிரியர்னா ரெண்டு பேரும் சேர்ந்து எழுதி, யார் எழுதினது எதுன்னு பிரிக்க முடியாதபடி இருக்கணும். அவர் கமென்ட்ல "குழாய் வழியா பேசினா நல்லாருக்கும்"னு போட்டது யோசனை. அதுக்காக அவரை அலட்சியம் பண்ணாதீங்க, எட்டாவது எபிசோட்லேர்ந்து உங்க கூட வந்திருக்கிற மனுஷன், புத்தகத்துல நன்றி பக்கத்துல அவர் பேரைப் போட்டா பாதி கோபம் தணிஞ்சிடும். ஒண்ணு மட்டும் பாருங்க, அவர் கமென்ட்ல எழுதின வரிகளை வார்த்தை மாறாம எங்கயாவது எடுத்திருக்கீங்களா? எடுத்திருந்தா அந்த வரி அவரோடது, மாத்தி எழுதிடுங்க.

கிரயமா, வாடகையா

இப்போ ஒப்பந்தம். நம்ம ஊர்ல வீடு பாத்தவங்களுக்கு இது சுலபமா புரியும். வாடகைன்னு ஒண்ணு இருக்கு, மொத்தமா ஒரு தொகை வாங்கிக்கிட்டு மூணு வருஷம் லீஸுக்கு விடுறதுன்னு ஒண்ணு இருக்கு, கிரயம் பண்ணிக் கொடுக்கிறதுன்னு ஒண்ணு இருக்கு. எழுத்துலயும் அப்படித்தான். அதுவும் உங்க வீடு ஒரே ரூம் இல்ல, தமிழ் அச்சு ஒரு ரூம், மின்நூல் ஒரு ரூம், ஆடியோ ஒண்ணு, கன்னட மொழிபெயர்ப்பு ஒண்ணு, சினிமா, வெப் சீரிஸ் ஒண்ணு, ஒவ்வொண்ணையும் தனித்தனியா வேற வேற ஆளுக்கு விடலாம். இவங்க அனுப்பியிருக்கிற ஒப்பந்தத்துல நாலாவது பத்தியைப் பாருங்க, "இப்படைப்பின் அனைத்து உரிமைகளும், தற்போதுள்ள மற்றும் பிற்காலத்தில் வரும் எல்லா ஊடகங்களிலும், உலகம் முழுவதும், நிரந்தரமாக." இது கிரயம். வீட்டை எழுதி வாங்கிக்கிட்டு, அதுக்கு 42,000 ரூபாயும் உங்ககிட்டயே கேக்கிறாங்க.

பணம் கட்டி புத்தகம் போடுறதே தப்புன்னு நான் சொல்லல. தமிழ்ல நிறைய நல்ல புத்தகங்கள் அப்படி வந்திருக்கு. ஆனா அது அச்சடிச்சுக் கொடுக்கிற சேவை, நீங்க காசு கட்டுறீங்கன்னா உரிமை ஒரு இம்மிகூட நகரக்கூடாது, 250 பிரதியும் உங்களுக்குத்தான் வரணும். அவங்க முதலீடு போட்டா மட்டும்தான் அவங்களுக்கு உரிமை கொடுக்கிற பேச்சே வரணும். ரெண்டையும் கலந்து வெச்சிருக்கிறதுதான் இந்த ஒப்பந்தத்தோட தொல்லை.

உங்க தோழி சொன்னாங்கன்னு எழுதியிருக்கீங்க, எந்த ஒப்பந்தமா இருந்தாலும் அஞ்சு வருஷத்துல தானா முடிஞ்சிடும்னு. பாதிதான் சரி. காப்புரிமைச் சட்டத்தோட 19ஆம் பிரிவு சொல்றது என்னன்னா, காலம் எவ்வளவுன்னு ஒப்பந்தத்துல எழுதாம விட்டிருந்தா 5 வருஷம்னு எடுத்துக்கணும், எந்த இடம்னு எழுதலைன்னா இந்தியா மட்டும். இவங்க "நிரந்தரமாக"ன்னும் "உலகம் முழுவதும்"னும் எழுதிட்டாங்களே, அப்போ அந்தப் பாதுகாப்பு உங்களுக்கு வராது. அதே பிரிவுல இன்னொரு நல்ல விஷயம், வாங்கின உரிமையை ஒரு வருஷத்துக்குள்ள பயன்படுத்தலைன்னா அது காலாவதி ஆயிடும், ஆனா அதுவும் ஒப்பந்தத்துல வேற மாதிரி எழுதாம இருந்தாத்தான், இவங்க ஒன்பதாவது பத்தியில வேற மாதிரி எழுதியிருக்காங்க. படிச்சுப் பாருங்க, சின்ன எழுத்துல இருக்கு.

நான் உங்க இடத்துல இருந்தா இப்படிக் கேப்பேன். தமிழ் அச்சுப் புத்தக உரிமை மட்டும், 3 வருஷத்துக்கு. கையெழுத்தான ஆறு மாசத்துல புத்தகம் வரலைன்னா உரிமை தானா திரும்பிடும். ராயல்டி புத்தகத்துல போட்டிருக்கிற விலையில இத்தனை சதவீதம்னு தெளிவா, "செலவு போக மீதியில"ங்கிற வார்த்தையே வேண்டாம், அந்த செலவுக்கணக்கு உங்களுக்கு என்னைக்கும் தெரியப்போறதில்ல. வருஷத்துக்கு ரெண்டு தடவை எத்தனை வித்துதுன்னு எழுத்துல கணக்கு. அரசு நூலகங்களுக்கு வாங்குற நூலக ஆணை கிடைச்சா அந்தப் பிரதிகளும் கணக்குல சேரணும். அடுத்த மூணு நாவலும் அவங்களுக்கேங்கிற பத்தியை அடிச்சுடுங்க, ரொம்பக் கேட்டா அடுத்த ஒரு நாவலை முதல்ல அவங்களுக்குக் காட்டுறேன், 30 நாள்ல பதில் சொல்லலைன்னா நான் எங்க வேணும்னாலும் போவேன், அவ்வளவுதான். ஐ.எஸ்.பி.என். நம்பருக்கு 3,000 ரூபாய்னு போட்டிருக்காங்க, மத்திய கல்வி அமைச்சகத்தோட ராஜா ராம்மோகன் ராய் ஏஜென்சி அதை இலவசமா கொடுக்குது, எழுத்தாளரே நேரடியா வாங்கலாம். அந்த நம்பர் புத்தகத்துக்கு அடையாளம் மட்டும்தான், அது இருக்கிறவங்களுக்கு உரிமைன்னு அர்த்தமில்ல.

அவங்க ஒத்துக்கலைன்னா? நீங்களே போடலாம். அச்சகத்துல தேவைக்கேத்த மாதிரி 50, 100னு அச்சடிச்சுக்கிற வசதி இப்போ இருக்கு. அமேசான் கிண்டில்ல தமிழ் மின்நூல் நீங்களே ஏத்தலாம், அதுல ஒரு இடத்துல கவனம், 70 சதவீத ராயல்டி இந்தியாவுல வேணும்னா செலக்ட்ங்கிற திட்டத்துல சேரணும், சேர்ந்தா 90 நாளைக்கு மின்வடிவம் வேற எங்கயும் இருக்கக்கூடாது, அதாவது ஆப்ல இருக்கிற 112 எபிசோடையும் முதல்ல எடுக்கணும். அந்த ஆப் வாசகர்கள்தான் உங்க பலம், அதை யோசிச்சு முடிவு பண்ணுங்க. சட்டம் இதுல உங்களுக்கு ஒரு வழியும் சொல்லாது, நான் என்ன நினைக்கிறேன்னா முதல் புத்தகத்துக்கு ஆப்ல முதல் 20 எபிசோடை மட்டும் வெச்சுக்கிட்டு, அந்தத் திட்டத்துல சேராம 35 சதவீதத்துக்கே போகலாம், வாசல் திறந்திருக்கும்.

அப்புறம் மாமியார் விஷயம். அட்டையில புனைபெயர் இருக்கலாம், ஆனா ஒப்பந்தத்துல கையெழுத்து சட்டப்பெயர்லதான், பணம் வரணும்னா பான் கார்டும் பேங்க் கணக்கும் கொடுத்தாகணும். உங்க பெயரை வெளியிடக்கூடாதுன்னு ஒரு பத்தி சேர்க்கச் சொல்லுங்க, அது சாதாரணமா கேக்கிற விஷயம்தான். வீட்டுல எப்போ சொல்றதுங்கிறது உங்க முடிவு, ஆனா புத்தக பார்சல் வீட்டுக்கு வந்து தெரியறதைவிட நீங்க சொல்லித் தெரியறது நல்லது.

அவனை உயிரோட எழுப்பச் சொன்னா

முடிவை மாத்தணும்னு சொல்றாங்க, பேய் வேற ஒருத்தன் உடம்புல வந்து கல்யாணம் நடந்தாத்தான் விக்கும்னு. நீங்க எழுதின முடிவுல அவ அவனுக்கு ஷிஃப்ட் முடிஞ்ச சங்கு ஊதுறா, அவன் மேல ஏறி வர்றான், வெளிச்சத்துல காணாமப் போறான். அந்த சங்குக்காகத்தானே 112 எபிசோடும்.

சட்டத்துல 57ஆம் பிரிவுன்னு ஒண்ணு இருக்கு, எழுத்தாளரோட தனி உரிமை. உரிமையை மொத்தமா வித்துட்டாக்கூட, எழுதினது நான்தான்னு சொல்ற உரிமையும், என் பேருக்குக் கெடுதல் வர்ற மாதிரி எழுத்தைச் சிதைச்சா தடுக்கிற உரிமையும் எழுத்தாளர்கிட்டயே இருக்கும். 1986ல டெல்லி உயர் நீதிமன்றத்துல இந்தி எழுத்தாளர் மன்னு பண்டாரி தன்னோட நாவலைப் படமா எடுத்தவங்க மேல போட்ட வழக்கு இதுக்கு ஒரு பெரிய படி. ஆனா அதை நம்பி இப்போ கையெழுத்து போட்டுட்டு அப்புறம் பாத்துக்கலாம்னு இருக்காதீங்க. நீங்களே மாத்தி எழுதிக் கொடுத்துட்டீங்கன்னா சிதைவுன்னு எப்படிச் சொல்லுவீங்க? அதனால இப்பவே ஒரு வரி, என் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாம கதைப்போக்கையும் முடிவையும் மாத்தக்கூடாதுன்னு. மத்தபடி எடிட்டிங்குக்கு இடம் கொடுங்க. ஆப்ல ஒவ்வொரு எபிசோட் ஆரம்பத்துலயும் முன்கதை சொல்லியிருக்கீங்க, கடைசியில ஒரு திடுக் வெச்சிருக்கீங்க, புத்தகத்துல அது 112 தடவை வந்தா படிக்கிறவங்களுக்குத் திணறும், அதைக் குறைக்கச் சொன்னா கோபப்படாதீங்க.

யூடியூப் ஆடியோ

"உங்க பேரைப் போட்டுத்தானே வாசிச்சிருக்காங்க"ன்னு யாரோ சொன்னதைக் கேட்டு மூணு மாசம் சும்மா இருந்திருக்கீங்க. பேர் போடுறது அனுமதி ஆகாதும்மா. உங்க எழுத்தை ஒலிப்பதிவு பண்றதும் மக்களுக்குக் கொண்டு போறதும் உங்க உரிமை. முதல்ல ஒவ்வொரு வீடியோவோட லிங்க், தேதி, எத்தனை பேர் கேட்டிருக்காங்க எல்லாத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கங்க. அப்புறம் அந்த சேனல்காரருக்கு ஒரு மெயில், 7 நாள்ல எடுங்கன்னு. எடுக்கலைன்னா யூடியூப்லயே காப்புரிமைப் புகார் படிவம் இருக்கு, வக்கீல் வேண்டாம், காசும் இல்ல. ரெண்டு விஷயம் தெரிஞ்சுக்கிட்டுப் போடுங்க, உங்க சட்டப்பெயர் அவருக்குத் தெரிய வாய்ப்பு இருக்கு, அவர் எதிர்மனு போட்டா குறிப்பிட்ட நாளுக்குள்ள நீங்க கோர்ட்டுக்குப் போனதைக் காட்டணும். கோர்ட்னா அவர் ஊருக்கு ஓடணும்னு பயப்படாதீங்க, 62ஆம் பிரிவுப்படி நீங்க குடியிருக்கிற பெங்களூர்லயே வழக்கு போடலாம்.

இன்னொரு வழியும் யோசிங்க. நான் ரெண்டு எபிசோட் கேட்டேன், அதுல வாசிக்கிற பொண்ணு நல்லா வாசிக்குது. அந்த சேனல்காரருக்கே எழுத்துல ஒரு அனுமதி கொடுக்கலாம், ஒரு வருஷத்துக்கு, வருமானத்துல பங்கு, இவருக்கு மட்டும்தான்னு இல்லாம. ஆனா இதைச் செய்யணும்னா ஆடியோ உரிமை உங்க கையில இருக்கணும், பதிப்பகத்துக்கு எல்லாத்தையும் எழுதிக் கொடுத்துட்டா அதுக்கப்புறம் இந்தப் பேச்சு பேச நீங்க யாரு?

அந்த 41ஆம் எபிசோட்

உங்க உரிமையைப் பத்தி பக்கம் பக்கமா கேட்டுட்டு இதை ரெண்டு வரியில முடிச்சிருந்தீங்க, அதனால ஃபோன்ல கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். சாம்பியன் ரீஃப்ல உங்க அம்மா வீட்டுக்கு மூணாவது லைன்ல இருக்கிற பாட்டி. புருஷன் 1971ல சுரங்கத்துல இறந்தவர். அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி பாட்டி பிரசவத்துக்கு குடியாத்தம் போயிருந்தப்ப அவர் எழுதின ஒரே ஒரு கடிதத்தைத் தகரப் பெட்டியில வெச்சிருந்தாங்க, உங்களை நம்பிக் காட்டினாங்க, நீங்க போன்ல படம் எடுத்துக்கிட்டீங்க. பேரை மட்டும் மாத்தி முழுக் கடிதத்தையும் உங்க பேய் எழுதினதா போட்டுட்டீங்க. எல்லாரும் அழுத எபிசோட் அதுதான். போன மாசம் பாட்டியோட சின்னப் பிள்ளை வாட்ஸ்அப்ல அதைப் பாத்துட்டு "எங்கப்பாவைப் பேயாக்கிட்டியா"ன்னு உங்களைக் கூப்பிட்டுக் கத்தியிருக்கார்.

செத்துப்போனவர் எழுதினதுக்கு யார் உரிமை கேக்கப் போறாங்கன்னு நீங்க நினைச்சிருக்கீங்க. உங்க எழுத்துக்கு உங்களுக்கப்புறம் 60 வருஷம்னு மேல சொன்னேன் இல்லையா, அதே சட்டம்தான் அவருக்கும். கடிதம் எழுதினா அந்தக் காகிதம் வாங்கினவங்களோடது, அதுல இருக்கிற வார்த்தை எழுதினவரோடது, அவருக்கப்புறம் வாரிசுகளோடது. உயிரோட இருந்தப்ப வெளியாகாத எழுத்துக்கு அது முதல் தடவை வெளியானதுக்கப்புறம்தான் 60 வருஷக் கணக்கே ஆரம்பிக்குது. பாட்டி காட்டினாங்க, படிக்க விட்டாங்க, அது வெளியிடச் சம்மதம் இல்ல. யூடியூப்காரர் உங்களுக்குப் பண்ணினதைத்தான் நீங்க அந்தக் குடும்பத்துக்குப் பண்ணியிருக்கீங்க. உங்க மனசு கஷ்டப்படும்னு தெரியும், ஆனா இதைச் சொல்லாம விட்டா நான் உங்களுக்குச் செய்ற உதவி உதவியே இல்ல.

பேயாக்கினது வேற விஷயம். இறந்தவரைப் பத்தி எழுதினா அவதூறு வராதுன்னு சொல்ல முடியாது, பாரதிய நியாய சன்ஹிதாங்கிற குற்றவியல் சட்டத்தோட 356ஆம் பிரிவுல இருக்கு, உயிரோட இருந்திருந்தா அவர் பேருக்குக் கெடுதல் வர்ற மாதிரியும் குடும்பத்தை நோகடிக்கிற நோக்கத்தோடயும் எழுதியிருந்தா அது குற்றம். உங்க நாயகனை நீங்க அப்படி எழுதல, அவனை எல்லாரும் காதலிக்கிற மாதிரிதான் எழுதியிருக்கீங்க. மறைந்த முதல்வர் ஜெயலலிதா பத்தின படத்துக்கு அவங்க அண்ணன் மகள் தடை கேட்ட வழக்குல, ஒருத்தர் சம்பாதிச்ச நற்பெயர் சொத்து மாதிரி வாரிசுக்கு இறங்காதுன்னு 2021ல சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கு. அதனால ஜெயிலுக்குப் போவேனோன்னு தூக்கத்தைக் கெடுத்துக்காதீங்க. ஆனா அவர் இறந்த அதே ஷாஃப்ட், அதாவது சுரங்கத்துக்குள்ள இறங்குற அதே குழி, அதே வருஷம், அதே லைன், ரெண்டு பிள்ளை, எல்லாம் அப்படியே இருக்கு, ஊர்ல யாருக்கும் அடையாளம் தெரியும். ஷாஃப்டையும் வருஷத்தையும் மாத்துங்க, கதைக்கு எதுவும் குறையாது.

கடிதத்துக்கு வர்றேன். பதிப்பக ஒப்பந்தத்துல பதினோராவது பத்தி, "இப்படைப்பு முழுவதும் ஆசிரியரின் சொந்த எழுத்து, பிறர் உரிமையை மீறவில்லை, வழக்கு வந்தால் செலவும் நஷ்டமும் ஆசிரியரையே சேரும்." இந்தப் பத்தி எல்லா பதிப்பகத்துலயும் இருக்கும், கேட்டாலும் எடுக்க மாட்டாங்க, எடுக்கவும் வேண்டாம். 41ஆம் எபிசோட் அப்படியே இருக்கிற வரைக்கும் நீங்க இதுல மட்டுமில்ல, எந்த ஒப்பந்தத்துலயும் உண்மையா கையெழுத்து போட முடியாது. அதனால மாசக் கடைசியை மறந்துடுங்க. பதிப்பகத்துக்கு இன்னைக்கே ஒரு மெயில் போடுங்க, "ஒப்பந்தத்தில் சில மாற்றங்கள் தேவை, ஒரு பகுதிக்கு அனுமதி பெற வேண்டியுள்ளது, ஆறு வாரம் அவகாசம் வேண்டும்"னு. நிஜமா உங்க நாவல் வேணும்னு நினைக்கிறவங்க காத்திருப்பாங்க. ஆப்ல அந்த எபிசோடை இன்னைக்கே தற்காலிகமா மறைச்சு வெச்சுடுங்க.

அப்புறம் ஞாயித்துக்கிழமை மாரிகுப்பம் ரயிலைப் பிடிங்க. சின்னப் பிள்ளைகிட்ட ஃபோன்ல பேசாதீங்க, நேர்ல போங்க, அம்மாவையும் கூட்டிக்கிட்டுப் போங்க, முதல்ல மன்னிப்பு கேளுங்க, அனுமதி ரெண்டாவது. அவங்க சரின்னா ஒரு பக்கத்துல எழுதிக்கலாம், கடிதத்தோட தேதி, இந்த நாவல்ல எல்லா வடிவத்துலயும் பயன்படுத்த அனுமதி, அவர் நிஜப்பேர் போடணுமா வேண்டாமா, எவ்வளவு தொகை. தொகை கட்டாயம் எழுதுங்க, அவங்க வேண்டாம்னாலும் கொடுங்க. பாட்டி மட்டும் போட்டா போதாது, ரெண்டு பிள்ளைங்களும் வாரிசு, மூணு பேரும் போடணும், சாட்சிக்கு ரெண்டு பேர்.

பாட்டிக்குப் படிக்கத் தெரியாது, அப்போ அந்தக் கடிதத்தை பக்கத்து வீட்டு வாத்தியார்தான் வாசிச்சுக் காட்டினார்னு சொன்னீங்க. அதனால கைநாட்டு வாங்குறதுக்கு முன்னாடி நீங்க வாசிச்சுக் காட்டுங்க, கடிதத்தை மட்டும் இல்ல, அந்த எபிசோட் முழுசையும், பேய் வர்ற இடத்தையும் சேர்த்து. பிள்ளைங்களையும் பக்கத்துல உக்கார வெச்சுக்கங்க. கேட்டுட்டு வேண்டாம்னு சொன்னா விவாதம் பண்ணாம எடுத்துடுங்க. அவர் எழுதின வார்த்தை மட்டும்தான் அவங்களோடது, சுரங்கத்துல வேலை பாத்த ஒருத்தன் குடியாத்தத்துல இருக்கிற பொண்டாட்டிக்குக் கடிதம் எழுதினான்ங்கிறது உங்க கதையிலயும் நடக்கலாம், அந்தக் கடிதத்தை நீங்க எழுதுங்க, நாலரை மணிக்கு எழுந்து.